விரதம் என்று சொல்லிக்கொண்டோம்

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசி. கொஞ்சம் வாடை அடிக்கும், இன்னொரு தண்ணீர் கூடுதலாகக் கழுவினால் போய்விடும். சோறு இல்லாமல் கிடப்பதுதான் பட்டினி என்று அதுவரை நினைத்திருந்தேன். பானையில் சோறு வெந்து ஆறிக்கொண்டிருக்க, அதில் ஊற்றிப் பிசைய எதுவும் இல்லாமல் அடுப்படியில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

போர்ட் பிளேரில், லம்பா லைனில் இருந்து மேட்டுக்கு ஏறும் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். தகரக் கூரை, இரண்டு அறை. நான் இங்கேயே ஷாதிபூரில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் பரமக்குடிப் பக்கம். மீசை முளைக்கும் வயசில் ஒரு கான்ட்ராக்டரோடு கப்பலேறி வந்தவர், பிறகு போகவில்லை. லோடு ஆட்டோ ஓட்டினார். வண்டி அவருடையது இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலாளிக்குத் தினவாடகை கொடுக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஒன்பதாவது படித்தாள், சின்னவள் மூன்றாவது.

இந்த ஊரில் கடலில் விளைவதைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, எண்ணெய், பூண்டு எல்லாம் சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வருவது. கப்பல் வந்தால்தான் மார்க்கெட்டில் காய். அதே கப்பல் வந்தால்தான் ஹேடோ துறைமுகத்தில் என் கணவருக்கு லோடு. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோனால் விலை ஏறும், அதே நாளில் எங்கள் வரும்படியும் நின்றுபோகும். மற்ற வருஷங்களில் ஒரு வாரம், பத்து நாள் அப்படிக் கழியும். சமாளித்துவிடுவோம். அந்த வருஷம் விலை ஏற்கெனவே ஏறித்தான் கிடந்தது. பருப்பும் எண்ணெயும் கோடையிலேயே கைக்கு எட்டாமல் போயிருந்தன. அதற்கு மேல் மழை வந்தது. ஒரு புயல் சின்னம் கலைவதற்குள் இன்னொன்று வந்தது.

மார்க்கெட்டில் நான் எப்போதும் வாங்குகிற கடைக்காரர் பெங்காலி. அவர் தக்காளியைக் குவித்து வைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு தட்டில் வைத்துத் தன் முட்டிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். விலையைக் கேட்டேன். சொன்னார். நான் திருப்பிக் கேட்டதும் முகத்தைப் பார்க்காமல், "ஜஹாஸ் நஹீ ஆயா, பாபி" என்றார். கப்பல் வரவில்லை. அதற்கு மேல் அவரிடம் என்ன பேச? பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பினேன். மார்க்கெட்டுக்குப் போய்ப் பையை விரிக்காமல் திரும்பி வந்தது அன்றுதான் முதல் தடவை. வழியெல்லாம் யாராவது தெரிந்தவர்கள் எதிரே வந்து, என்ன வாங்கினே என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நடந்தேன்.

முதலில் துவரம்பருப்பு போயிற்று. அதற்குப் பதில் விலை குறைந்த மசூர் பருப்பு. பிறகு மசூரில் தண்ணீர் கூடியது. சின்னவள் கரண்டியால் கலக்கிப் பார்த்து, "அம்மா, பருப்பு அடியில ஒளிஞ்சிருக்கு" என்றாள். பிறகு அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள் என்றாயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அக்கா இருந்தார். நான் அவரை தீதி என்றுதான் கூப்பிடுவேன். சாக்கடை ஓரத்து ஈரத்தில் படர்கிற கல்மி கீரையைப் பறித்து வதக்க அவர்தான் காட்டிக்கொடுத்தார். சந்தின் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேரும் பறித்தோம். கொஞ்ச நாளில் மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கீரை துளிர்க்க நேரமில்லாமல் போயிற்று. வீட்டுச் சொந்தக்காரரின் பப்பாளி மரத்தில் காயாகவே இறக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கூட்டு வைத்தேன். நாலாம் நாள் அவர் வீட்டு அம்மா, "பழுக்க ஒண்ணாவது விடு" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் பிறகு அந்தப் பக்கம் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மெயின்லேண்டில் இருக்கிறவர்கள் போனில் கேட்பார்கள், "உங்களுக்கு என்ன, சுத்திக் கடல், மீன் சும்மா கிடைக்குமே" என்று. மழையில் படகு போகாது. போய் வந்த படகில் நல்ல மீனெல்லாம் டூரிஸ்ட் ஹோட்டல்களுக்குப் போய்விடும். மிச்சம் விழுகிற பொடிமீனுக்கு நாங்கள் இருபது பேர் நிற்போம்.

விரதம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, மத்தியானம் குழம்பு மூன்று பேருக்குத்தான் காணும் போலிருந்தது. கணவர் அன்று வீட்டில் இருந்தார். "நீ உக்காரலையா?" என்றார். "இன்னைக்கு வெள்ளி, அம்மனுக்கு விரதம்" என்று வாயில் வந்துவிட்டது. நான் அதற்கு முன்னால் விரதம் இருந்தவளே இல்லை. பசி தாங்க மாட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். சொன்னது எனக்கே வசதியாக இருந்தது. பசியை மறைக்க ஒரு மரியாதையான பெயர் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் திங்கள் சிவனுக்கு என்றேன். சனி பெருமாளுக்கு. காலையில் கறுப்புச் சாயா, சாயங்காலம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி ஒரு உருண்டை.

தீதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் ஊரில் எத்தனை சாமிதான் இருக்கு?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு வதக்கல் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்தேன். அவர் வீட்டிலும் உருளைக்கிழங்கு குறைவாகத்தான் இருந்திருக்கும்.

கணவர் மத்தியானம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். "ஹேடோவுல ஒரு பார்ட்டி சாப்பாடு வாங்கிக் குடுத்திருச்சு" என்பார். இன்னொரு நாள், "கிளீனர் பயலோட சேர்ந்து ரொட்டி தின்னேன்" என்பார். நான் நம்பினேன். நம்ப எனக்குப் பிடித்திருந்தது.

பெரியவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான பெண். வாலிபால் விளையாடுவாள். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு உண்டு. எட்டாவதோடு அது முடிந்துவிடும், அதனால் பெரியவளுக்கு நான்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். டப்பாவில் சோறும் ஊறுகாயும் வைப்பேன். மூடும்போது பார்க்கக் கஷ்டமாக இருக்கும். சாயங்காலம் டப்பா கழுவி வந்திருக்கும். பள்ளிக்கூடத்திலேயே கழுவிவிடுவாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தலை பின்னிக்கொண்டே, "அம்மா, எனக்கு டப்பா வேணாம். முருகனுக்கு விரதம்" என்றாள்.

"உனக்கு எதுக்கு விரதம்?"

"பரீட்சை வருதுல்ல."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெண் பக்தியாக வளர்கிறாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமையும் வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் வெள்ளியும் சேர்ந்தது. அன்று சோற்றை டப்பாவில் போட்டு மூடிக் கையில் திணித்தேன். அவள் அதை அடுப்புத் திட்டில் வைத்தாள்.

"வளர்ற பிள்ளை விரதமெல்லாம் இருக்கக் கூடாது. எடுத்துட்டுப் போ" என்றேன்.

"நீ மட்டும் இருக்கலாமா?"

"எனக்கு வயசாச்சு. நான் சாமிக்கு இருக்கேன்."

அவள் சின்னவளின் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நானும் அந்தச் சாமிக்குத்தாம்மா இருக்கேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு பசி. ஒரு கை எடுத்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் அவளிடம் பேசிவிட வேண்டும் என்றிருந்தேன். பேசவில்லை. பேசினால் என்னவென்று சொல்வது? சாப்பிடு என்று சொல்லலாம், எதைச் சாப்பிடு என்று சொல்ல முடியாதே. இப்படியே மூன்று வாரம் போல ஓடிற்று. அவளுடைய சட்டைக் கழுத்து அகலமாகத் தெரிந்தது. வாலிபாலுக்கு நிற்பதில்லை, மழை என்றாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காலை நேரம் போன் வந்தது. பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் விழுந்துவிட்டாள், நெற்றியில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், வாருங்கள் என்றார்கள். கட்டியிருந்த சேலையோடு ஓடினேன். கணவர் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றிருந்தார். கைலி இல்லாமல் பேன்ட் போட்டு வண்டி ஓட்டுகிறவர், பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அந்தக் கயிற்றை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் ஒரு மலையாளத்துப் பெண். சின்ன வயசு. நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார். நெற்றிக் காயத்துக்கு மருந்து போட்டாயிற்று, அது பெரிதில்லை என்றார். பிறகு என் பெண்ணின் கண்ணுக்குக் கீழே விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"இட்லி, சாம்பார்" என்றாள் என் பெண்.

"நேத்து ராத்திரி?"

"சப்பாத்தி. முட்டைக் குழம்பு."

"மத்தியானம்?"

"சோறு, பருப்பு, வறுத்த மீன். ஞாயித்துக்கிழமைன்னா கோழி."

ஒரு தடுமாற்றம் இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவள் ஆறாவது, ஏழாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் நடந்த சாப்பாடு அது. காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை கோழி. அப்போதும் நாங்கள் ஏழைகள்தான். ஏழைகளாக இருந்துகொண்டே அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் தலையாட்டினார். "நல்லா சாப்பிடுற பிள்ளைக்கு ரத்தம் இவ்வளவு குறையாதே" என்று என்னைப் பார்த்தார். ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி நர்ஸோடு அவளை உள்ளே அனுப்பினார்.

அவள் போனதும் நான் சொன்னேன். "டாக்டர், அவ சொன்னது எதையும் நான் வீட்ல சமைக்கல."

பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார். அவர் முன்னால் அதைச் சொன்னது எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பாதித்துப் போடுகிறவர் காதில் விழும்படி, வேற்று ஆளிடம் சொல்லிவிட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதினார், இங்கேயே சும்மா கிடைக்கும் என்றார். தினமும் ஒரு முட்டையாவது கொடுக்கணும், கீரை, சின்ன மீன், பேரீச்சை என்று ஆரம்பித்து, பேரீச்சையில் நிறுத்திக்கொண்டார். "முடிஞ்ச வரைக்கும் பாருங்க" என்றார். "நீங்களும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்று எனக்கும் ஒரு சீட்டு எழுதினார். நான் அதைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பெண்ணைப் படுக்க வைத்த பிறகு கணவர் வாசற்படியில் உட்கார்ந்தார். மழை சற்று விட்டிருந்தது. நான் கதவோரம் நின்றேன்.

"அவளைப் பரமக்குடியில உங்க அண்ணன் வீட்ல விட்ருவோம்" என்றார். "அங்க காய்கறி மலிவு. பத்தாவது முடியுற வரைக்கும் அங்க இருக்கட்டும்."

"பொம்பளப் பிள்ளையைக் கண் காணாத இடத்துலயா?"

"கண் முன்னால வச்சுக்கிட்டு என்ன செஞ்சோம்?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஹேடோவுல பார்ட்டி சாப்பாடு வாங்கிக் குடுத்துச்சுன்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். மேலே சொல்லவில்லை. நான் அவர் இடுப்புக் கயிற்றைப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பொய் வைத்துக்கொண்டு, ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தெரியாமல் இளைத்துக்கொண்டிருந்தோம்.

என் அண்ணன் அப்பா செத்த பிறகு மெயின்லேண்டுக்கே போய்ப் பரமக்குடியில் ஒரு சிமெண்டுக் கடையில் வேலை பார்க்கிறான். போனை மதினிதான் எடுத்தார். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"அனுப்பி வை. எங்க பிள்ளை மாதிரித்தான். நாங்க குடிக்கிற கஞ்சியை அவளும் குடிக்கட்டும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். உங்க அண்ணனுக்குத் தெரியாமச் சொல்றேன். நாங்க ராத்திரிக்கு அடுப்பு மூட்டுறதை விட்டு ரெண்டு மாசமாகுது. மத்தியானச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சிக்கிறோம். தக்காளி நான் தொட்டே நாளாச்சு. நீ அங்க மீனும் கருவாடுமா நல்லா இருக்கேன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

சின்ன வயசிலிருந்து மெயின்லேண்ட் என்றால் எல்லாம் மலிவாகக் கிடைக்கிற இடம் என்றுதான் எங்கள் நினைப்பு. இங்கே எவ்வளவு முடை வந்தாலும், கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் வைத்திருப்போம். அன்று அதுவும் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் பெரியவள் எழுந்து வந்து நின்றிருந்தாள். "நான் போறேம்மா. இங்க ஒரு ஆள் குறையும்" என்றாள்.

"யாரும் எங்கயும் போகல" என்றார் அவள் அப்பா. அவர் எழுந்து உள்ளே வந்து தட்டுகளை எடுத்து வைத்தார். நான்கு தட்டு. அவர் தட்டு எடுத்து வைத்து நான் பார்த்ததே இல்லை. சோற்றை அவரே நான்காகப் போட்டார். இருந்த கீரைத் தண்ணியையும் நான்காக ஊற்றினார். "இனிமே இந்த வீட்ல யாருக்கும் விரதம் கிடையாது. இருந்தா எல்லாருக்கும் இருக்கு. இல்லேன்னா எல்லாருக்கும் இல்ல" என்றார். சாப்பிட உட்கார்ந்தோம். அது வயிற்றுக்குப் போதவில்லை. ஆனால் எல்லோரும் எல்லோர் தட்டையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

தீதிதான் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். டூரிஸ்ட் ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்குகிற வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மத்தியானம் சாய்ந்து வரலாம். முதல் நாள் என் முன்னால் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொண்டுவந்து சாய்த்தார்கள். ஒரு பெட்டித் தக்காளி. விமானத்தில் வந்ததாம். தக்காளியைக் கையில் எடுத்தபோது அது குளிர்ந்து கனமாக இருந்தது. எவ்வளவு நாள் ஆயிற்று அந்தக் கனத்தைக் கையில் உணர்ந்து. வெங்காயம் நறுக்குகிற அந்த வேலையில் ஒரு சௌகரியம், கண்ணில் தண்ணி வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அங்கே காலிஃப்ளவரின் தண்டையும் இலையையும், முள்ளங்கிக் கீரையையும், முட்டைக்கோசின் மேல் மட்டையையும் வாளியில் போட்டு வெளியே கொட்டுவார்கள். சமையல் மேஸ்திரியிடம் கேட்டேன். பீகார்க்காரர். "எடுத்துக்கோ, இதில் என்ன இருக்கு" என்றார். காலிஃப்ளவர் தண்டைத் தோல் சீவி, அதோடு இலையைப் பொடியாக அரிந்து கூட்டு வைத்தேன். அன்று பிள்ளைகள் இரண்டு பேரும் சட்டியை வழித்தார்கள். பத்துப் பதினைந்து நாள் அது ஓடியது. பிறகு மேனேஜர் பார்த்துவிட்டார். வேலைக்காரர்கள் பையோடு வெளியே போகக் கூடாது, பழக்கம் கெட்டுவிடும் என்றார். அதற்குப் பிறகு நானே அந்த இலைகளை வாளியில் போட்டு, நானே கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தேன். ஒரு நாள் கவிழ்த்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. குனிந்து எடுக்கலாமா என்று நின்றேன். இலைகளோடு காப்பித் தூளும் மீன் செதிலும் கலந்து கிடந்தன. வந்துவிட்டேன்.

சம்பளத்தில் முதலில் முட்டை வாங்கினேன். பெரியவளுக்குத் தினம் ஒன்று. மருந்து மாதிரி அவளுக்கு மட்டும்தான், அதற்குத்தான் காணும். முதல் நாள் அவித்து உரித்துக் கிண்ணத்தில் வைத்தேன். அவள் கத்தியை எடுத்து அதைப் பாதியாக நறுக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் உனக்குத்தான் சொல்லியிருக்காங்க. முழுசும் நீ சாப்பிடணும்."

"அவ பாக்குறாம்மா."

சின்னவள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பியதும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். "எனக்கு முட்டை பிடிக்காது. நாத்தம்" என்றாள்.

முட்டைக்காக அழுது புரண்டு அடம் பிடித்த பிள்ளை அவள். எட்டு வயசு. நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்துப் பார்த்து அவளும் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த மழைக்காலத்தில் நடந்தவற்றில் எதை இப்போதும் மறக்க முடியவில்லை என்று கேட்டால், பெரியவள் விழுந்ததைக்கூடச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன். நான் கத்தியை வாங்கி முட்டையைப் பாதியாக நறுக்கினேன். அதற்குப் பிறகு தினமும் பாதிதான். டாக்டர் சொன்னதை என்னால் முழுசாகச் செய்ய முடியவில்லை.

மழை ஓய்ந்தது. கப்பல்கள் வர ஆரம்பித்தன. தக்காளி தட்டிலிருந்து மறுபடி குவியலுக்கு வந்தது. ஹேடோவில் கணவருக்கு லோடு கிடைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். காய் விலை இறங்கிற்று. எண்ணெயும் பருப்பும் இறங்கவில்லை. காஸ் சிலிண்டர் இறங்கவில்லை. வாடகையைக் கூட்டினார்கள். ஒருமுறை ஏறிப் பழகியது கீழே வரும்போது ஏறின அளவுக்கு வருவதில்லை. நாங்களும் பழகினோம். இப்போது எங்கள் வீட்டில் பருப்பு என்பது கிழமை பார்த்துத்தான். யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் தடவை ரத்தம் பார்க்கப் பெரியவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டர். கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதாது, மாத்திரையை விட்டுவிடாதே என்றார். "சாப்பிடுறியா?" என்று கேட்டார். "இருக்கிறதைச் சாப்பிடுறேன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து அபர்டீன் பஜாருக்கு இறங்கினோம். பஸ்ஸுக்குச் சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாலையோரத்தில் ஒரு கடையில் சமோசா போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் மணம் தெருவெல்லாம் இருந்தது. அவள் நடை மெதுவாயிற்று.

"அம்மா, ஒரு சமோசா வாங்கித் தர்றியா?"

அவள் என்னிடம் எதையாவது கேட்டு எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. ரிப்பன் வேண்டும், நோட்டு வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு உடனே, "வேணாம், சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

நான் கடைக்காரரிடம் போய், அந்தப் பஸ் சில்லறையைக் கொடுத்து ஒன்று வாங்கினேன். காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். உள்ளே உருளைக்கிழங்கு ஆவி பறந்தது. அவள் பிட்டு எனக்குப் பாதியை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் வாங்கித் தின்றேன். எவ்வளவு ருசியாக இருந்தது என்று இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிறகு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கோல்கர் வழியாக ஜங்லிகாட் இறங்கி, லம்பா லைனுக்கு நடந்தே வந்தோம். வெயில் அடித்தது. மேடு ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்று நின்று ஏறினோம். எனக்கும் மூச்சு வாங்கியது, அதை நான் மறைக்கவில்லை.